கம்பஸுக்குப் போகும் பிள்ளை: அறிமுக வாரத்துக்கு முன் மாத்தளை வீடுகள் அறிந்திருக்க வேண்டியவை

ஏ-9 வீதி என்றதும் எமது வாசகர்களில் பலருக்கு ஓமந்தைச் சோதனைச் சாவடியும் முகமாலை முன்னரங்கும்தான் முதலில் நினைவுக்கு வரும். 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்ட அந்த வீதிக்காகக் காத்திருந்தவர்கள் நாம். அதே வீதியின் மறுமுனை கண்டியில் இருக்கிறது. அங்கிருந்து யாழ்ப்பாணம் வரையான 321 கிலோமீற்றரில் ஏறக்குறைய 26ஆவது கிலோமீற்றரில் வருவது மாத்தளை.

இன்று அந்த வீதியின் ஓரத்திலும் அதற்குச் சற்று விலகியும் பல்கலைக்கழகங்கள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே பேராதனை. வடக்கே மிகிந்தலையில் ரஜரட்டை, பின்னர் வவுனியா, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள், கடைசியில் திருநெல்வேலி. மாத்தளை மாவட்டத்துக்குள் மட்டும் அரச பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. ஆகவே இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ எல்கடுவையிலோ உயர்தரம் எழுதித் தெரிவான பிள்ளை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த வீதியில் ஒரு திசையில் போயே ஆகவேண்டும். பேராதனை கிடைத்தவர்களுக்கு அது முப்பது கிலோமீற்றர் பயணம். யாழ்ப்பாணம் கிடைத்தவர்களுக்கு முந்நூறு கிலோமீற்றர்.

இப்போது பல்கலைக்கழகத்துக்குள் நுழைவோரில் பலர் 2004, 2005ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள். 2009 மே மாதத்தில் அவர்களுக்கு நான்கைந்து வயது. போர் அவர்களுக்கு நேரடி நினைவாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர்களை வழியனுப்பும் தாய் தகப்பனுக்கு இருக்கிறது. சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டவர்கள், அடையாள அட்டையில் இருந்த ஊரின் பெயருக்காகவே விசாரிக்கப்பட்டவர்கள், பிள்ளையைத் தெற்குக்கு அனுப்பப் பயந்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தோடு முதல் நாளுக்கு ஆயத்தமாகும் வீடுகளுக்காகவே இந்தக் கட்டுரை. மாத்தளையை மையமாக வைத்து எழுதப்பட்டாலும், வன்னியிலிருந்து பேராதனைக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த இடத்தின் பெறுமதி

மாத்தளைத் தமிழரின் கதையும் வடக்கின் கதையும் ஒன்றோடொன்று பின்னியவை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வந்து சேர்ந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். அதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். 1977 வன்முறையின் பின்னரும், மாத்தளை நகரின் தமிழ்க் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்ட 1983 ஜூலையின் பின்னரும், மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. பின்னர் போரின் முழுச் சுமையும் அவர்கள் மீதும் விழுந்தது. இன்று வன்னியில் இருக்கும் பலருக்கு மாத்தளையில் சொந்தம் உண்டு.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் தமிழர் ஏறக்குறைய பத்தில் ஒருவர். தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன.

இந்தப் பின்னணியில் பல்கலைக்கழக அனுமதி எவ்வளவு கடினமானது என்பதைக் கணக்கு சொல்லும். உயர்தரத்தில் விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் உண்டு. மாத்தளை இல்லை. அதாவது எல்கடுவைத் தோட்டத்துப் பிள்ளை, ஹட்டன் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தச் சிறிய கைதூக்கலும் இல்லாமல், மாவட்டத்தின் நகரப் பாடசாலைகளோடு போட்டியிட்டே இடம்பெறுகிறது.

அப்படிப் பெற்ற இடத்தை முதல் மாதத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் பாடம் அல்ல. பணம், மொழி, பகிடிவதை ஆகிய மூன்றில் ஒன்றாகவோ மூன்றும் சேர்ந்தோ இருக்கும். இவை மூன்றுக்கும் முன்கூட்டியே ஆயத்தமாகலாம்.

முதலில் பத்திரங்கள்

தெரிவு முடிவு வந்ததும் முதல் வேலை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு குறித்த திகதிக்குள் இணையவழியில் பதிவு செய்வது. தவறினால் இடம் கைவிட்டுப் போகும். அதன்பின் பல்கலைக்கழகம் தனியே பதிவுக்கு அழைக்கும்.

தோட்டங்களில் இங்கேதான் முதல் தடங்கல். லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது கொண்டுவந்து கொடுக்கும்போது திகதி கடந்திருக்கும். எனவே கடிதத்தை நம்பி இருக்க வேண்டாம். விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தையும் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தையும் இரண்டு நாளைக்கொரு தடவை பாருங்கள்.

பொதுவாகக் கேட்கப்படும் பத்திரங்கள் இவை: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனைப் படிவம், புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதிகள் எடுத்து, மூலப்பிரதியை வேறாக ஒரு நெகிழிக் கோவையில் வையுங்கள். தொலைபேசியிலும் படம்பிடித்து, வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மாத்தளை, கண்டி, பதுளை மாவட்டங்களில் வீட்டோடு பத்திரங்களும் போன அனுபவம் இன்னும் ஆறவில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதைப் பதிவு நாளுக்கு முந்திய வாரத்துக்கு விட்டுவைக்காதீர்கள்.

பெயர் பொருத்தத்தையும் பாருங்கள். மாத்தளையில் பல பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். தாயின் பெயர் ஓரிடத்தில் லெட்சுமி, இன்னோரிடத்தில் லக்ஷ்மி. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இராது. வேறுபாடு இருந்தால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்து வைப்பது நல்லது. பதிவு மேசையில் வைத்து இது தெரியவந்தால் அன்றைய நாள் முழுதும் அலைச்சல்தான்.

தகப்பனோ தாயோ காணாமல் ஆக்கப்பட்ட வீடுகளுக்கு இன்னொரு சொல். படிவங்களில் பெற்றோரின் தொழிலும் வருமானமும் கேட்கப்படும். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கீழே வைத்த பிள்ளைகள் உண்டு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒருவர் காணாமற்போயிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். அது இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வது ஆகாது. வருமானச் சான்றிதழ் தாயின் பெயரிலோ பாதுகாவலரின் பெயரிலோ பெறப்படலாம். கிராம உத்தியோகத்தரிடம் நிலையை விளக்கி, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் எப்போது வரும்

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. ஆனால் தங்க, சாப்பிட, பஸ் ஏற, பிரதி எடுக்கப் பணம் வேண்டும்.

1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் பார்த்து வழங்கப்படுவது. அது கிடைக்காத, வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மாணவர் உதவுதொகை உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மஹாபொல மாதத் தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவுதொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. இன்றைய விலைவாசியில் அது சாப்பாட்டுச் செலவின் ஒரு பங்கு மட்டுமே. அதைவிட முக்கியமான விடயம், முதல் தவணை முதல் மாதத்தில் கைக்கு வராது. தெரிவு, சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு என்று மாதங்கள் ஓடும்.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026க்கான வரவுசெலவுத் திட்டம் வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து அதை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால் அது 35,000 ரூபா. அதில்தான் மற்றப் பிள்ளைகளும் சாப்பிட வேண்டும். மாத்தளைத் தோட்டங்கள் பல அரச நிர்வாகத்தில் இருப்பவை. சேமலாப நிதி நிலுவை பற்றிய முறைப்பாடுகள் ஆண்டுக்கணக்காக இருக்கின்றன. அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போட முடியாது.

எனவே முதல் நான்கு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புவதே பாதுகாப்பு. சீட்டு எடுப்பதா, நகையை அடகு வைப்பதா என்பதை வீட்டார் கடைசி வாரத்தில் அல்ல, முடிவு வந்த வாரத்திலேயே பேசுங்கள். வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன் பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச் சங்கம் ஆகியவற்றிடம் கேட்டுப் பாருங்கள். இப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றையும் உடனே திறந்துவிடுங்கள்.

மடிக்கணினியைப் பற்றியும் கேட்கிறார்கள். முதல் வாரத்துக்கே வாங்கத் தேவையில்லை. பாடநெறி தொடங்கி, உண்மையில் என்ன தேவை என்று விரிவுரையாளர்கள் சொன்ன பிறகு வாங்கலாம். அதுவரை நூலகக் கணினி போதும்.

அறிமுக வாரத்தில் என்ன நடக்கிறது

திசைமுகப்படுத்தல் என்று அழைப்பிதழில் இருக்கும். மாணவர்கள் அறிமுக வாரம் என்பார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நாட்கள் கூடும் குறையும். உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: துணைவேந்தரும் பீடாதிபதியும் உரையாற்றுவார்கள். பாடத் தெரிவு, பரீட்சை விதி, வரவு விதி விளக்கப்படும். நூலகம், சுகாதார நிலையம், ஆங்கிலக் கற்பித்தல் பிரிவு ஆகியவற்றைக் காட்டுவார்கள். மாணவர் ஆலோசகர்கள் யார் என்று அறிமுகப்படுத்துவார்கள். முதல் நாளில் பெற்றோரும் வரலாம் என்று பல பீடங்கள் அழைக்கின்றன. அழைத்தால் போங்கள். தோட்டத்தில் ஒரு நாள் பேர் விழாமல் போனாலும் பரவாயில்லை. பீடாதிபதியின் முகத்தையும் விடுதிப் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கத்தையும் தெரிந்துகொண்டு திரும்புவது பின்னால் உதவும்.

பலர் தூங்கிவிடும் பகுதி பாடத் தெரிவு பற்றிய விளக்கம். ஆனால் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிப்பது அதுதான். கலைப்பீடத்தில் எந்தப் பாடத்தைத் தமிழில் படிக்கலாம், எது ஆங்கிலத்தில் மட்டும், சிறப்புப் பட்டத்துக்கு முதலாம் ஆண்டில் எவ்வளவு புள்ளி வேண்டும் என்பதை அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், முகாமைத்துவம் போன்றவை ஆங்கிலத்திலேயே நடக்கும். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் இருட்டறைபோல இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். ஆங்கிலம் தெரிந்தவர் போல இருப்பவரும் பக்கத்தில் எழுதுவதைப் பார்த்துத்தான் எழுதுகிறார். ஆங்கிலப் பயிற்சி வகுப்புகளைத் தவறவிடாமல் இருப்பதே அதற்கான வழி.

மொழியில் மாத்தளைப் பிள்ளைக்கு ஒரு பலம் உண்டு. கடையிலும் பஸ்ஸிலும் பழகிய சிங்களம் அது. பேராதனையிலோ ரஜரட்டையிலோ நிர்வாகக் கருமபீடத்தில் நின்று பேச அது போதும். கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வந்த பிள்ளைக்கு அந்தப் பலம் இராது. முதல் வாரத்தில் அவர்களோடு கருமபீடம் வரை நடந்துபோய் உதவுங்கள். அதுபோல மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பிள்ளைக்கு அங்கே வெயில், கிணற்று நீர், பேச்சுத் தமிழ் எல்லாமே புதிது. அங்குள்ளவர்கள் அந்தப் பிள்ளையின் தமிழைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதும் ஓர் அறிமுகமே.

அறிமுகமும் வதையும் ஒன்றல்ல

அதிகாரபூர்வமான அறிமுக வாரத்துக்குப் பக்கத்திலேயே, சில வேளை அதற்கு முன்பே, இன்னொன்று தொடங்கிவிடும். தெரிவுப் பட்டியல் வந்ததும் மாவட்ட ரீதியாக வட்ஸ்அப் குழுக்கள் உருவாகும். அவற்றில் பல உண்மையான உதவிக்கானவை. எந்தப் பஸ் பிடிப்பது, எந்த அறை மலிவு என்று சொல்லும் அண்ணாமாரும் அக்காமாரும் அங்கே இருப்பார்கள். சிலவற்றில் பிள்ளையின் இலக்கம் வாங்கப்பட்டு, இரவில் அழைப்புகள் வரும். இன்ன உடைதான் உடுக்க வேண்டும், இன்ன பெயரால்தான் கூப்பிட வேண்டும், வீட்டுக்குச் சொல்லக்கூடாது என்ற கட்டளைகள் வரும். 2020இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் புதுமுக மாணவியர் தொலைபேசிவழியாகப் பாலியல் வதைக்கு உள்ளானதாக எழுந்த முறைப்பாடு, வதை செய்ய நேரில் நிற்க வேண்டியதில்லை என்பதைக் காட்டியது.

இந்த விடயத்தில் எமது சமூகம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் ஒரு பழக்கம் உண்டு. தெற்குப் பல்கலைக்கழகம் என்றால் சிங்கள மாணவர்களுக்குப் பயப்படுகிறோம். தமிழ் அண்ணாமார் இருந்தால் நிம்மதி அடைகிறோம். ஆனால் 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தின் முதலாம் ஆண்டு மாணவர் செல்வவிநாயகம் வரப்பிரகாஷ், தமிழ் சிரேஷ்ட மாணவர்கள் செய்த வதையின் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பிள்ளை கம்பஸில் இருப்பது பாதுகாப்பு என்று பெற்றோர் நம்பிய காலம். 1975இல் பேராதனையில் வதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து முடமான ரூபா ரத்னசீலியும், 2002இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதையை எதிர்த்ததற்காகக் கொல்லப்பட்ட சமந்த விதானகேயும் சிங்களவர்கள். அவர்களை வதைத்தவர்களும் அவர்களுடைய ஆட்களே. 2025 ஏப்ரலில் சபரகமுவப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபோதும் பேசப்பட்டது பகிடிவதையே. இந்த வன்முறை இனம் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது சொந்த மொழிக்குள்ளும் சொந்த ஊர்க் குழுவுக்குள்ளுமே நடக்கிறது.

மலையகப் பிள்ளைக்கு இதில் இன்னொரு முள் உண்டு. ஊரைச் சொன்னதும் தோட்டத்தைச் சொல்லிப் பகிடி பண்ணுவது, சாதியைத் துருவிக் கேட்பது, தகப்பன் என்ன தொழில் என்று எல்லோர் முன்னும் சொல்லவைப்பது. செய்பவர்கள் இதை விளையாட்டு என்பார்கள். கேட்ட பிள்ளை நான்கு வருடமும் ஊர்ப் பெயரை மறைத்தே திரியும்.

வதைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களைப் பிள்ளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எல்லோரும் சமமாவதற்காக, பச்சுக்குள் ஒற்றுமை வருவதற்காக, கூச்சம் போவதற்காக என்பார்கள். பங்கேற்காவிட்டால் நோட்ஸ் கிடைக்காது, சங்கத்தில் சேர்க்க மாட்டோம் என்பார்கள். தென்பகுதிப் பல்கலைக்கழகங்களில் விலகி நிற்பவரை 'அலயா' என்று ஒதுக்கும் வழக்கம் உண்டு. ஒதுக்கல் வலிக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி விலகி நிற்கும் மாணவர்கள் எல்லாப் பீடங்களிலும் இருக்கிறார்கள், பட்டமும் பெறுகிறார்கள். நோட்ஸை விரிவுரையில் இருந்து எழுதலாம். நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

சட்டம் சொல்வது

வரப்பிரகாஷின் மரணத்துக்கு அடுத்த ஆண்டு, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்படி, மாணவருக்கோ பணியாளருக்கோ உடற் காயத்தையோ உளக் காயத்தையோ, மன வேதனையையோ பயத்தையோ ஏற்படுத்தும், அல்லது ஏற்படுத்தக்கூடிய எந்தச் செயலும் பகிடிவதையே. அடித்தால்தான் குற்றம் என்றில்லை. பயமுறுத்தினாலே குற்றம்.

தண்டனை இரண்டு ஆண்டுகள் வரையான கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ இருந்தால் பத்து ஆண்டுகள் வரை. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். விரும்பித்தானே வந்தாய் என்ற வாதம் இதை மாற்றாது.

சட்டம் இருந்தும் வதை ஏன் தொடர்கிறது? முறையிடுவோர் குறைவு. முறையிட்டவரைப் பாதுகாப்போர் அதைவிடக் குறைவு. சிரேஷ்ட மாணவருக்குச் சங்கம் பக்கபலம். புதுமுக மாணவருக்கு யாருமில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது வீடும் ஊரும்தான்.

முறையிடுவது எப்படி

முதலில் பதிவு செய்யுங்கள். திகதி, நேரம், இடம், சொன்ன சொல், நின்றவர்கள் ஆகியவற்றை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள். வட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் திரைப்படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். காயம் இருந்தால் அரச வைத்தியசாலைக்குப் போய், எப்படி ஏற்பட்டது என்று உண்மையைச் சொல்லிப் பதியுங்கள். படியில் விழுந்தேன் என்று சொன்னால், பிறகு அந்தப் பதிவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

அடுத்து, பல்கலைக்கழகத்துக்குள் மாணவர் ஆலோசகர், பீடாதிபதி, விடுதிப் பொறுப்பாளர், பாதுகாப்புப் பிரிவு. வெளியே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பகிடிவதை முறைப்பாட்டுக்குத் தனி வழி உண்டு. உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. மாணவியர் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தையும், மனம் தாங்காத வேளையில் எவரும் 1926 என்ற உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். இந்த நான்கு இலக்கங்களையும் பிள்ளையின் தொலைபேசியில் மட்டுமல்ல, ஒரு காகிதத்திலும் எழுதிப் பணப்பையில் வையுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். 1988இல் கொண்டுவரப்பட்ட 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் ஓர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை உண்டு. பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பின்னரே ஒப்பமிடுங்கள். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், விளங்காத மொழியில் இருந்த தாளில் ஒப்பமிட்டு ஆண்டுக்கணக்காகச் சிறையில் இருந்தவர்களை அறிந்த சமூகம் இது. முறைப்பாட்டாளராகப் போகும்போதும் அந்தப் பாடத்தை மறக்க வேண்டாம்.

ஒரே மேடையில்

2016 ஜூலை 16இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர்களை வரவேற்கும் நிகழ்வு மோதலில் முடிந்தது. வரவேற்பு ஊர்வலத்தில் நாதஸ்வரத்தோடு கண்டிய நடனமும் இடம்பெற வேண்டும் என்ற சிங்கள மாணவர்களின் கோரிக்கையிலிருந்து எழுந்த தகராறு கைகலப்பாகி, பல்கலைக்கழகமே சில நாட்கள் மூடப்பட்டது. பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒன்று, பேசும் வழி முன்கூட்டியே அமைக்கப்படாததால் நாடளாவிய செய்தியானது.

அன்று வரவேற்கப்படவிருந்தவர்கள் முதல் நாள் மாணவர்கள். அந்தச் சண்டை அவர்கள் தொடங்கியதல்ல. முதல் வாரத்தில் இப்படி ஏதும் நடந்தால் ஒதுங்கி, விடுதிக்கோ அறைக்கோ போய், வீட்டுக்குத் தகவல் சொல்வதே சரி. படம்பிடித்து முகநூலில் போடுவதும், கேட்டதைப் பகிர்வதும் பிள்ளையையே சிக்கலில் மாட்டும். தன் மொழியையும் நினைவேந்தலையும் விட்டுக்கொடுப்பது என்று இதற்கு அர்த்தமில்லை. எந்தச் சபையில், யாரோடு சேர்ந்து, எப்படிப் பேசுவது என்று அறியும்வரை பொறுப்பது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பிள்ளை புறப்படுவதற்கு முன் ஓர் இரவு உட்கார்ந்து பேசுங்கள். என்ன நடந்தாலும் வீட்டுக்குச் சொல்லலாம், சொன்னால் படிப்பை நிறுத்த மாட்டோம், குறை சொல்ல மாட்டோம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் வதையை மறைப்பதற்குக் காரணம் வெட்கம் மட்டுமல்ல. தெரிந்தால் அம்மா கூப்பிட்டுவிடுவார், அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற பயமும்தான். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு.

ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னால், பேச முடியாத நிலை என்று புரிந்துகொள்ளலாம். அழைப்பு வராத நாளில் யாரை அழைப்பது என்று ஓர் அறைத்தோழரின் இலக்கத்தையும் வாங்கி வையுங்கள்.

குரலைக் கவனியுங்கள். முதல் வாரத்தில் அழுவது இயல்பு. மூன்றாவது வாரத்திலும் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வார இறுதிக்கு வரவிடுகிறார்கள் இல்லை என்றால் அது ஏக்கம் அல்ல. அன்று பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். தனியே போகத் தயங்கினால் படித்த பாடசாலையின் ஆசிரியர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பீடாதிபதியின் அறையில் ஆசிரியர் ஒருவர் கூட இருப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய பலம்.

மாத்தளையின் தமிழ்ப் பாடசாலைகளும் கோயில் சபைகளும் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆண்டும் தெரிவு முடிவு வந்ததும், ஏற்கனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களில் வதையில் ஈடுபடாத நால்வரை அழைத்து, புதியவர்களையும் பெற்றோரையும் ஒரு பிற்பகல் உட்காரவைப்பது. பத்திரம், பணம், பாடம், முறைப்பாடு ஆகிய நான்கைப் பற்றியும் பேச இரண்டு மணித்தியாலம் போதும். செலவு ஒரு தேநீர். அங்கே கிடைக்கும் நம்பகமான ஒரு தொலைபேசி இலக்கம், நடுநிசியில் வரும் தெரியாத அழைப்பை எடுக்காமல் விடும் துணிவைப் பிள்ளைக்குத் தரும்.

பட்டம் முடித்துத் திரும்பும் பிள்ளை அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பேசட்டும். அதைவிட முக்கியமாக, இரண்டாம் ஆண்டுக்கு ஏறும்போது, தனக்குச் செய்யப்பட்டதைத் தனக்குப் பின்வருவோருக்குச் செய்ய மாட்டேன் என்று தீர்மானிக்கட்டும். எந்தச் சட்டத்தையும்விட வேகமாகப் பகிடிவதையை நிறுத்தக்கூடியது அந்த ஒரு முடிவுதான்.